ஒரே மாதிரி, ஒரே இடம்

ஜூலை 9, 2007. திங்கள்

காலையிலிருந்தே வெயில். காற்றே இல்லை. இடது கையில் தையல், இடுப்பில் டி.டி. ஊசி. எல்லாம் மாறன் உபயம்.

பேக்கரியில் இன்று மூன்றாவது நாள் பயிற்சி. தட்டு அடுக்கும் வேலை. நன்றாகத்தான் அடுக்கிக்கொண்டிருந்தான். முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் மாவு பிசையும் மெஷினைப் போட்டார். மாறன் காதைப் பொத்திக்கொண்டு "ஹோல்டான், ஹோல்டான்" என்றான். வேண்டாம் என்பதற்கு அவனிடம் அந்தச் சொல்தான். அவன் பேச்சில் பாதி கண்டக்டர்களிடம் கற்றது. முதலாளிக்குச் சிரிப்பு. "என்னடா, பஸ்ஸ நிறுத்துறியா?" என்று பின்னாலிருந்து தோளில் தட்டினார்.

அவ்வளவுதான். தட்டு பறந்தது. முதலாளி மூக்கில் ரத்தம். கடை ஆட்கள் இரண்டு பேர் மாறன்மேல் விழுந்து அமுக்க, நடுவில் புகுந்த என் கை அவன் வாய்க்குக் கிடைத்தது.

மதர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "ரெஜினா, அவனுக்கு பத்தொன்பது ஆயிருச்சு. நம்ம ஸ்கூல் பதினெட்டு வரைக்கும்தான். ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள வேலை ஒண்ணு பாத்துக் குடுங்க. இல்லன்னா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

எங்கள் சிறப்புப் பள்ளியில் பெரிய பிள்ளைகளை வேலைக்குப் பழக்குவது என் பொறுப்பு. அதனால் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு என்றால் என்ன அர்த்தம் என்று மதருக்கும் தெரியும். மாறனின் அண்ணன் குமரேசன் போன மாதமே சொல்லிவிட்டான்: "பள்ளிக்கூடத்துல உட்டுட்டாங்கன்னா கட்டிப் போடுறதத் தவிர வேற வழி இல்லீங்க டீச்சர்." பேச்சுக்குச் சொன்னதில்லை. அப்பாவின் போட்டைக் கட்டிய சங்கிலி அவர்கள் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. அப்பாவும் போட்டும் சுனாமி அலையில் போனார்கள். சங்கிலி மட்டும் கரையில் கிடந்தது.

வீட்டில் இவர் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "நாய்க்கடிக்குப் போடுற ஊசியேவா?" என்றார். சோற்றுக் கரண்டியை எறிந்தேன். படவில்லை.

ஜூலை 11. புதன்

கை வீக்கம். சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. வலது கைதான் எழுதுகிறது, வலி மட்டும் எப்படி இந்தப் பக்கம் வருகிறதோ.

மாறன் கணக்கு:

போனவை: சிமெண்ட் கடை (லாரி ஹாரன், கல்லாப்பெட்டி உடைந்தது). செடிப் பண்ணை (தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவே இல்லை, குழாயைப் பிடுங்கினார்கள், அடிதடி). பேக்கரி.

பிடிக்காது: திடீர்ச் சத்தம். பின்னாலிருந்து தொடுவது. அவனைப் பார்த்துச் சிரிப்பது.

பிடிக்கும்: பஸ். கனமான சாமான். குளிர்ச்சி. கலந்து கிடப்பதைப் பிரித்து ஒரே மாதிரியானதைச் சேர்த்து வைப்பது.

கனமும் குளிர்ச்சியும் என்று எழுதியபோதுதான் ஐஸ் ஞாபகம் வந்தது. மீன் இறங்கும் துறையில் ஐஸ் வாரிப் போடும் வேலை! அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மூன்று வருடமாக ஊரெல்லாம் அலைந்தேன், வாசலில் இருந்தது தெரியவில்லை.

அம்மா அஞ்சலையிடம் சொன்னேன். கூடை தூக்கி நெரவி, விழிதியூர் என்று தெருத்தெருவாக மீன் விற்கிறவள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கடக்கரையில வேணாங்க டீச்சர். அங்க வாய்க்கு முன்னாடி கை பேசும்."

"நான் கூடவே இருப்பேன் அஞ்சலை."

"நீங்க இருப்பீங்க. அந்தக் கை ஒங்களயும் அடிக்கும்."

ஜூலை 16. திங்கள்

நேற்று பூசைக்குப் போகவில்லை, தலைவலி. இன்று மூன்று மணிக்கு லேசாக மழை, நாலு மணிக்கு மறுபடி வெயில்.

ஏலக்காரர் சிங்காரத்தைப் பார்த்தேன். துறையில் அவர் வைத்ததுதான் சட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தே பேசினார். "அவன் அப்பன் நம்ம ஆளு. அதுக்காவ ஒரு மாசம் பாக்குறேன். எவன் மேலயாவது கைய வச்சான்னா, அன்னக்கோட சரி."

ஏலம் எப்படி என்று காட்டினார். படகிலிருந்து இறங்கும் மீன் கலந்துதான் இருக்கும். அதைக் கூறு கூறாகக் குவித்து ஏலம் விடுவார். எடுத்தவள் தன் கூடையைக் கூறு பக்கத்தில் கவிழ்த்துவிட்டால் அது அவள் சொத்து. அவள் ஐஸ் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வரும்வரை ஒரு ஈ காக்கை தொடாது. "தொட்டா வெட்டுக்குத்துதான்" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன்.

பள்ளியில் வீச்சம் பழக்க ஆரம்பித்தாயிற்று. சந்தையில் கலப்பு மீன் வாங்கி வந்து தட்டில் கொட்டினேன். மீன்காரி மகனாக இருந்தும் முதலில் மூக்கைப் பிடித்தான். பொத்தான், மணி, கரண்டி எல்லாம் பிரித்த பழைய பாடம்தான், இப்போது மீன். "ஒரே மாதிரி, ஒரே இடம்" என்று நான் சொல்ல, அவன் சொல்ல, முடித்ததும் ஒரு முறுக்கு. மத்தி ஒரு பக்கம், காரப்பொடி ஒரு பக்கம், சங்கரா ஒரு பக்கம். என்ன வேகம்! கண்ணை எடுக்கவே முடியவில்லை.

வகுப்பறை நாறுகிறது என்று சங்கீத டீச்சர் மதரிடம் புகார். நாறட்டும்.

ஜூலை 24. செவ்வாய்

முதல் நாள். வெற்றி!

பட அட்டை கழுத்தில். செருப்பு, மண்வெட்டி, ஐஸ், டீ, வீடு. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை உரித்துப் பையில் போட வேண்டும். மாறனுக்கு எதையும் மூன்று நாலு நாள் ஒரே வரிசையில் செய்து காட்டினால் போதும், அப்புறம் அது அவனுக்கு வேதம். வரிசையில் கை வைத்தால்தான் அடி.

மண்வெட்டியைப் பிடித்த பிடி! பெட்டி பெட்டியாக வாரிப் போட்டான். முகத்தில் ஐஸ் தெறித்தபோது சிரித்தான். படகு கரை தட்டியபோது கை நீட்டி "நெரவி, விழிதியூர், ஏறு ஏறு" என்று கூவினான். மீன்காரப் பெண்களுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. நான் பதறிப் போனேன். ஆனால் அந்தச் சிரிப்பை அவன் கேட்கவில்லை. ஐஸ் அரைக்கும் சத்தம் ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருந்ததால் அதற்குள் ஒளிந்துகொண்டான் போலிருக்கிறது.

குமரேசன் படகிலிருந்து இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. முன்பல் ஒன்று பாதி இல்லை, போன வருடம் தம்பி உடைத்தது. "நல்லா வாருறான்ல?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்தி மீன் வீச்சத்தின் மேல் பழி போட்டேன்.

இவர் சோப்பு இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். மனைவிக்குப் பரிசு.

ஜூலை 26. வியாழன்

எழுத்து கோணல். விலாவில் குத்துகிறது, மூச்சு விட்டால் வலி. எலும்பு முறிவு இல்லை என்றார் டாக்டர்.

இன்று மீன் வரத்து குறைவு. ஐஸ் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அட்டையில் ஐஸுக்கு அடுத்து டீ. டீக்காரர் வரவில்லை. இடையில் ஒன்றும் இல்லை. சும்மா இரு என்பதற்கு நான் படம் வரையவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் அது எனக்குத் தோன்றவே இல்லை. மதருக்குப் போன் போட்டு நல்ல செய்தி சொல்ல ஐஸ் கொட்டகைச் சுவர் ஓரம் ஒதுங்கினேன்.

ஏலம் முடிந்து கூறுகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் கவிழ்த்த கூடைகள். பெண்கள் ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் போயிருந்தார்கள். மாறனுக்குக் கூடை எங்கே தெரியும்? கலந்து கிடக்கிற மீன்தான் தெரிந்திருக்கிறது.

நான் திரும்பியபோது ஒரு கூறுகூட இல்லை. எல்லாம் கலைந்து தரையில் நீள வரிசைகள். மத்தி மத்தியோடு. சங்கரா சங்கராவோடு, சின்னதிலிருந்து பெரியதுவரை. தலையெல்லாம் கடல் பக்கம். முதலில் எனக்கு வந்த நினைப்பு எவ்வளவு அழகு என்பதுதான். அப்புறம்தான் கவிழ்த்த கூடைகள் கண்ணில் பட்டன.

"ஒரே மாதிரி ஒரே இடம்" என்றான் என்னைப் பார்த்து. முறுக்குக்குக் கை நீட்டினான்.

"அடியே, என் கூறு எங்கடி?"

"அந்தப் பெரிய சங்கரா என்னுது, கைய எடுறி!"

முதலில் பெண்களுக்குள்தான். மயிரைப் பிடித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியை ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாள். வரிசையெல்லாம் மிதிபட்டுக் கூழ். மாறன் குனிந்து குனிந்து சரிசெய்யப் பார்த்தான், கால்களுக்கு நடுவில். அப்போது ஒரு குரல் "இந்தக் கிறுக்கன்தான் பண்ணிருக்கான்" என்றது. எல்லாத் தலையும் திரும்பியது.

கருவாட்டுக் கொட்டகை பாக்கியம் தராசின் இரும்புத் தட்டால் அவன் முதுகில் அடித்தாள். பின்னாலிருந்து. "ஹோல்டான்!" என்று கத்தினான். யாரோ சிரித்தார்கள். அவன் திரும்பி அவள் கையைக் கவ்வினான், விடவில்லை. ஆண்கள் ஓடி வந்தார்கள். மண்வெட்டிக் காம்பு, துடுப்புக் கட்டை, கால். "ஹோல்டான், ஹோல்டான், ஹோல்டான்." நான் அவன்மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். என் விலாவில் விழுந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் நானும் ஒரு காலைக் கடித்தேன். யார் கால் என்று தெரியாது.

குமரேசன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். தம்பியைத் தூக்கி நிறுத்தி அறைந்தான், குத்தினான், கீழே தள்ளி மிதித்தான். எல்லோரையும் விட அதிகம் அடித்தது அவன்தான். அவன் ஆரம்பித்ததும் மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

மாறன் உதடு கிழிந்து, ஒரு கண் மூடி. வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். கையில் ஒரு மத்தி இருந்தது, விடவே இல்லை.

ஜூலை 28. சனி

புழுக்கம். திரும்பிப் படுக்க முடியவில்லை.

இன்று கோயில் முன்னால் ஊர்ப் பஞ்சாயத்து. நான் வெளியூர்க்காரி, பெண், வேதக்காரி. மூன்றுக்கும் சேர்த்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அஞ்சலை துண்டை விரித்து தரையில் விழுந்து கும்பிட்டாள். அபராதம் அவள் தலையில். மாறன் இனித் துறையில் கால் வைக்கக்கூடாது. கண்ணில் பட்டால் அடித்தவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

பேசக்கூடாது என்றார்கள், பேசினேன். "நான் சொல்லிக் குடுத்ததத்தான் அவன் செஞ்சான். அபராதத்த எனக்குப் போடுங்க. அடிக்கிறதுன்னா என்ன அடிங்க."

சிங்காரம்: "ஒங்கள அடிச்சாச்சே டீச்சர்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த ஆள் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பாக்கியம் கையில் பெரிய கட்டு. என்னை முறைத்தாள், நானும் முறைத்தேன்.

ஜூலை 31. செவ்வாய்

மாறன் பள்ளிக்கு வரவில்லை. நேற்றும் இல்லை. வகுப்பு முடிந்ததும் போனேன்.

சங்கிலி உத்தரத்தில் இல்லை.

நடுத்தூணில் ஒரு முனை, அவன் வலது கணுக்காலில் மறுமுனை. காலுக்கும் சங்கிலிக்கும் நடுவில் அம்மாவின் பழைய சேலைத் துணி, உரசாமல் இருக்க. உரசியிருந்தது. மஞ்சள் அப்பியிருந்தார்கள். சோடா மூடிகளைத் தூணைச் சுற்றி வட்டமாக அடுக்கியிருந்தான். சங்கிலி எட்டும்வரை வட்டம். அவன் கண் என்மேல் படவில்லை. "ஹோல்டான்" என்றான், மெதுவாக.

குமரேசன் உள்ளே வந்தான். ஒன்றும் கேட்கவில்லை, அறைந்தேன். இரண்டாவது தடவையும் அறைந்தேன். வளர்ந்த ஆண், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அசையாமல் நின்றான். அஞ்சலை வாயில் முந்தானை.

அப்புறம் சட்டையைக் கழற்றினான். தோளில், முதுகில், கையில் எல்லாம் பல் தடம், பழையது, புதியது.

"நா கடலுக்குப் போனா அம்மாவ யாருங்க பாத்துக்குவா? போன வாரம் அதோட கழுத்தப் புடிச்சிட்டான். அன்னக்கி தொறையில நா அடிக்கலன்னா அவங்க கொன்னுருப்பாங்க. அடிச்சது நாந்தான். கட்டுனது நாந்தான். அறையிங்க டீச்சர், இன்னும் நாலு அறையிங்க. அப்பறம் என்னா பண்ணணும்னு சொல்லுங்க."



ஆகஸ்ட் 4. சனி

கரண்ட் இல்லை. விசிறி மட்டையோடு எழுதுகிறேன்.

போலீசுக்குப் போவதாகச் சொன்னேன். அஞ்சலை என் காலைப் பிடித்துவிட்டாள். "செவப்புத் தொப்பி வூட்டு வாசல்ல வந்தா கொமரேசனத்தான் தூக்கிட்டுப் போவாங்க. சம்பாரிக்கிற புள்ள அது ஒண்ணுதான். அத அனுப்பிட்டு இத வச்சிக்கிட்டு நா என்னாங்க பண்ணுவேன்?"

போகவில்லை. கோழை.

தினமும் சாயந்தரம் அங்கே போகிறேன். மாறன் பக்கத்தில் உட்கார்ந்து கலந்து வைத்த சோடா மூடியைப் பிரிக்கச் சொல்கிறேன். பிரிக்கிறான். முறுக்கு தின்கிறான்.

காலையில் குமரேசன் அவிழ்த்துக் கொல்லைக்குக் கூட்டிப் போவான். திரும்பி வந்ததும் அஞ்சலை "காலு குடு" என்பாள். துணி சுற்றுவாள். பூட்டுவாள். அதற்கு அப்புறம்தான் இட்லி. இன்று அவள் முகத்தில் ஒரு தெளிச்சி.

"இப்பல்லாம் சத்தமே போடுறதில்லீங்க டீச்சர். பஸ் பேச்சும் பேசறதில்ல. சமத்தா உக்காந்துருக்கு."

வெளியே வந்து சைக்கிளை எட்டி உதைத்தேன். அது பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிள். சண்டை.

ஆகஸ்ட் 8. புதன்

மதிய இடைவேளையில் வாட்ச்மேன்: "டீச்சர், யாரோ மீங்கார அம்மா. கையில கட்டு."

பாக்கியம். கம்பு எடுத்து வந்திருக்கிறாளா என்றுதான் முதலில் பார்த்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தப் பய அன்னக்கி தரை பூரா மீன எம்மா நேரத்துல பிரிச்சான்? நா டீ குடிக்கல, அதுக்குள்ள. எங்கிட்ட வர்ற கருவாட்டு மூட்டை அம்புட்டும் கலப்பு. நெத்திலிக்குள்ள காரப்பொடி, காரப்பொடிக்குள்ள வாளை. பொம்பளைங்க பேசிக்கிட்டே பிரிச்சா பொழுது போயிரும். அவன எனக்குக் குடுங்க. எங் கொட்டகை தொறையில இல்ல, ரோட்டுப் பக்கம். பஞ்சாயத்து கேக்காது. அங்க இருக்கறது பூரா எஞ் சரக்கு, எவ கூறும் கெடையாது."

"அவனை அடிச்சீங்க."

"என்னக் கடிச்சான்ல. சரியாப் போச்சு."

கட்டை அவிழ்த்துக் காட்டினாள். கட்டைவிரல் மடங்கவில்லை. பார்க்க முடியவில்லை, பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. எம் பொம்பளைங்க பயப்புடுறாளுவ. சங்கிலியோட வந்தாத்தான் கூட ஒக்காருவாளுவ. கொட்டகையில தூணு இருக்கு."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு அழ ஆரம்பித்து, மதர் வந்து என் தோளைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். பாக்கியம் அசையவில்லை. "நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

அஞ்சலையிடம் சொன்னேன், அவளும் கத்துவாள் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வூட்டுல கட்டறத அங்க கட்டுனா கூலியாச்சும் வருமேங்க டீச்சர்."

ஆகஸ்ட் 11. சனி

பாக்கியத்தின் கொட்டகைக்கு நானே போனேன். நல்ல நிழல், ஒரே மாதிரிக் காற்றுச் சத்தம், மெஷின் கிடையாது, பின்பக்கம் சுவர். அவனுக்கென்றே கட்டினதுபோல. அதனால்தான் இன்னும் கோபம்.

பேரம்:

நான் பக்கத்திலேயே உட்கார்வேன், ஒரு மாதம், மதரிடம் சண்டை போட்டாவது. சரி.
அவனைச் சுவரோரம் உட்கார வைப்பது, யாரும் பின்னால் போகக்கூடாது. சரி.
சிரிக்கக்கூடாது. "அதெப்படிங்க சிரிக்காம இருக்கறது?" அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. சரி.
சங்கிலி கிடையாது.

இந்த இடத்தில் பாக்கியம் வெகுநேரம் வெற்றிலை மென்றாள். "மொதக் கை ஓங்கறவரைக்கும் கெடையாது. ஓங்குனான்னா அன்னக்கே தூணு."

சரி என்றேன். ஜெயித்துவிட்டேன். வரும்போது பாலத்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனான்.

ஆகஸ்ட் 15. புதன்

மாதா திருநாளும் கொடியேற்றமும் ஒரே நாளில். காலைப் பூசை, அப்புறம் பள்ளியில் மிட்டாய். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் இப்போதே ரோட்டில் ஒன்றிரண்டு.

மதர் கொடுத்த கெடு இன்றோடு சரி. பதிவேட்டில் மாறன் பெயருக்கு எதிரே "வேலையில் சேர்ந்தார்" என்று எழுதினார். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வழக்கமாக வெட்டும் கேக் இந்த முறை இல்லை. கேக் கத்தியை இப்போது யார் கையிலும் கொடுக்கிற தைரியம் இல்லை என்றேன். மதர் சிரித்தார், பதினைந்து நாளில் முதல் தடவை.

சாயந்தரம் அவன் வீட்டில் ஒத்திகை. புது அட்டை. செருப்பு, பாய், கூடை, காத்திரு, டீ, பஸ். காத்திரு என்பதற்குக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் ஆள். மூக்கு என் மூக்கு மாதிரி வந்துவிட்டது. மாறன் அந்த மூக்கை விரலால் தொட்டான். பிறகு என் மூக்கைத் தொட்டான். மூன்று வாரத்தில் முதல் தடவை என்னைப் பார்த்தான்.

"நாளைக்கு கட்டாம கூட்டி வா" என்றேன் குமரேசனிடம்.

"சரிங்க டீச்சர்."

இவர் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். கருவாட்டு வாடை நாளையிலிருந்துதானே, இன்றைக்கு இதை வைத்துக்கொள் என்றார்.

ஆகஸ்ட் 16. வியாழன்

விடியலில் தூறல், பிறகு வெயில். புதுச்சேரி இணைப்பு நாள் என்று ஊரெல்லாம் இன்றும் லீவு. கருவாட்டுக்கு ஏது லீவு.

பெண்கள் எல்லோரும் கொட்டகையின் அந்த மூலையில் ஒண்டிக்கொண்டு. பாக்கியம் வாசலில். குமரேசன் சைக்கிளில் கூட்டி வந்தான். மாறன் தலை வாரி, திருநீறு பூசி, மடியில் மஞ்சள் பை. சாப்பாடு என்று நினைத்தேன்.

செருப்பைக் கழற்றினான். படத்தை உரித்தான். பாயில் உட்கார்ந்தான். படத்தை உரித்தான். பிறகு பைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்தான். கணுக்காலில் சுற்றினான், அம்மா சுற்றுகிற மாதிரியே, இரண்டு சுற்று. சங்கிலியை எடுத்தான். பூட்டை எடுத்தான். சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். காலை என் பக்கம் நீட்டினான்.

"காலு" என்றான்.

குமரேசன் வெளுத்துப்போய், "நா எடுத்து வக்கிலீங்க டீச்சர். சாமி சத்தியமா. அவனேதான்."

சங்கிலியைப் பிடுங்கிக் கொட்டகைக்கு வெளியே வீசினேன். எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். காலை நீட்டினான். அட்டையைக் காட்டினேன், கூடைப் படத்தைக் காட்டினேன், மூக்கைக் காட்டினேன். அட்டையைக் கிழித்தான். மறுபடி வீசினேன். "ஹோல்டான்" என்றான். இத்தனை நாள் கழித்து அந்தச் சொல், என்னைப் பார்த்து. என்னிடம். பின்னால் இருந்த சுவரில் தலையை மோதினான். திரும்பவும் மோதினான். சுவரில் ரத்தம். பிடிக்கப் போன குமரேசனுக்கு முழங்கையால் வாயில். பெண்கள் எழுந்து ஓடினார்கள். பாக்கியம் தராசுத் தட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"டீச்சர், ஒண்ணு நீங்க பூட்டுங்க. இல்ல நா ஆளக் கூப்புடுறேன்."

பூட்டினேன்.

என் கையால். துணிக்கு மேலே, ஒரு விரல் போக இடம் விட்டு. மறுமுனையை எதிலும் கட்டவில்லை. பாயில் போட்டேன்.

அந்த முனையை அவன் பார்க்கவே இல்லை. மூச்சு அடங்கியது. கூடையை இழுத்தான். "ரைட், ரைட்" என்றான். நெத்திலி நெத்திலியோடு. வாளை வாளையோடு. நெற்றியில் ரத்தம் வழிய வழிய.

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். பாக்கியம் என் காதோரம்: "பாத்தீங்களா, நா அப்பவே சொன்னேன்." வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன். குமரேசன் உதட்டைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான், ஏறவில்லை.

நாலு மணிக்குக் கழற்றினேன். துணியை மடித்து, சங்கிலியை மடித்து, பூட்டை மேலே வைத்துப் பையைக் கட்டினான். சாவியை மட்டும் என்னிடமே விட்டான்.

நாளைக்குப் புது அட்டை வேண்டும். செருப்பு, பாய். அடுத்த படத்தில் கை ஓடவில்லை. ஆனால் அட்டையில் இருந்தால்தான் ஒருநாள் அட்டையிலிருந்து எடுக்க முடியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இவர் எட்டிப் பார்த்து, விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

வரைந்துவிட்டேன். ஒவ்வொரு கண்ணியாக. நன்றாகவே வந்திருக்கிறது.